மரம் நட்டால் மட்டும் போதுமா? இந்தியாவின் உயிர்வளம் பற்றி ஒரு விரிவான பதில்

ஒரு கல்லூரி மாணவரின் கேள்வி இது: "இந்தியாவில் இத்தனை விதமான உயிரினங்கள் எப்படி வந்தன? காடுகளைக் காப்பாற்றி, சும்மா கிடக்கும் இடங்களில் மரம் நட்டால் இவையெல்லாம் பிழைத்துவிடுமா? எங்கள் ஊருக்கு வெளியே உள்ள மேய்ச்சல் நிலத்தில் ஆயிரம் கன்றுகள் நட நண்பர்களோடு சேர்ந்து திட்டமிட்டிருக்கிறோம்."

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிழைக்காது. நீங்கள் நடப்போகும் இடத்தைப் பொறுத்து, சில உயிர்கள் அதனாலேயே போய்விடவும் கூடும். நல்ல மனதோடு செய்யும் வேலையைப் பற்றி இப்படிச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கன்று வாங்குவதற்கு முன்னால் சொன்னால்தான் பயன். ஏன் அப்படி என்பதற்கு உங்கள் முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

உலக நிலப்பரப்பில் இந்தியாவின் பங்கு சுமார் 2.4 சதவீதம். ஆனால் உலகில் இதுவரை பதிவான உயிரினங்களில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் இங்கே இருக்கின்றன. இந்திய விலங்கியல் ஆய்வகம் 2024-ல் வெளியிட்ட பட்டியலில் விலங்கினங்கள் மட்டும் ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு மேல். பறவைகள் 1,300-க்கு மேல். பூக்கும் தாவரங்கள் சுமார் 18,000. உலகளவில் உயிர்வளம் செறிந்தவையாகக் கணக்கிடப்படும் வட்டாரங்களில் நான்கு, முழுதாகவோ பகுதியாகவோ இந்திய எல்லைக்குள் வருகின்றன: மேற்குத் தொடர்ச்சி மலை, இமயமலை, வடகிழக்கு மலைகள், நிக்கோபார் தீவுகள். எண்களை இத்தோடு விட்டுவிடுவோம். எப்படி வந்தன என்பதுதான் சுவாரசியமானது.

இந்தியா ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாவற்றோடும் ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பெருநிலத்தின் ஒரு துண்டு. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது. சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் செஷல்ஸ் தீவுகளை விட்டுவிட்டு வடக்கு நோக்கி நகர்ந்தது. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. அந்த மோதலில் எழுந்ததுதான் இமயமலை. இந்தப் பயணத்தில் தப்பிப் பிழைத்த சில பழைய பயணிகள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள்.

2003-ல் எஸ்.டி. பிஜு, ஃபிராங்கி பொசுய்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கேரளத்திலிருந்து ஒரு தவளையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஊதா நிறம், ஊதிய உடம்பு, பன்றி போலக் கூரிய மூக்கு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் மேலே வரும். இதன் நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் இல்லை, ஆசியாவிலும் இல்லை. இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். வடகிழக்கு இந்தியாவில் 2012-ல் விவரிக்கப்பட்ட சிக்கிலிடே என்ற குடும்பமும் இதே கதைதான். மண்புழு போலத் தோன்றும், கால்களே இல்லாத இருவாழ்விகள் அவை. அவற்றின் உறவுக்காரர்கள் ஆப்பிரிக்காவில்.

ஆக, நம் உயிரினங்களில் ஒரு பங்கு இந்த நிலம் என்ற கப்பலோடு வந்தவை. இன்னொரு பங்கு, யானை, புலி, மான் போன்றவை, மோதலுக்குப் பிறகு ஆசியாவிலிருந்து தரைவழியாக நுழைந்தவற்றின் வழித்தோன்றல்கள். இவ்வளவும் ஒரே நாட்டில் தங்க முடிந்ததற்குக் காரணம் நிலத்தின் மேடுபள்ளமும் மழையும். மேகாலயாவின் மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மி.மீ. அளவுக்கு மழை கொட்டுகிறது. ஜெய்சால்மரில் 200 மி.மீ. பெய்தாலே நல்ல ஆண்டு. குட்டநாடு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் ஊர்ப்பக்கமே பாருங்கள். வால்பாறையில் 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. அங்கிருந்து நேர்கோட்டில் சில பத்து கிலோமீட்டர் தள்ளி, மலை மறைவில் இருக்கும் சின்னாறு, உடுமலைப் பக்கத்தில் முட்காடுதான். முதல் இடத்தில் அட்டைப்பூச்சி காலில் ஏறும். இரண்டாவது இடத்தில் நட்சத்திர ஆமை நடந்துபோகும்.

இந்த மலை மறைவு என்ன செய்கிறது என்பதற்கு அந்த ஊதாத் தவளையே சாட்சி. 2017-ல் அதன் சகோதர இனம் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், மலையின் கிழக்குச் சரிவில் கண்டறியப்பட்டது. ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார்கள். மேற்குப் பக்கத்துத் தவளை தென்மேற்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்கிறது; கிழக்குப் பக்கத்துத் தவளை வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. மலை ஒன்றுதான். மழை வரும் மாதம் வேறு, அதனால் தவளையும் வேறு.

மலையில் இருக்கும் இடைவெளிகளும் இதே வேலையைச் செய்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள தாழ்வான வழி. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது காற்று வரும் பாதை. சோலைக்காட்டின் குளிரிலேயே வாழ்ந்து பழகிய ஒரு சின்னப் பறவைக்கோ அது கடக்க முடியாத கடல். மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2017-ல் இந்தப் பறவைகளின் வகைப்பாட்டையே திருத்தி எழுதினார்கள். சிரிப்பான் என்று நாம் சொல்லும் பறவையில் நீலகிரிக்கு ஓர் இனம், வயநாட்டு பாணாசுர மலைப்பக்கம் ஒன்று, பழனி ஆனைமலைக்கு ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் ஒன்று என நான்கு. கீழே சமவெளியில் பேருந்தில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும் தூரத்தை, இந்தப் பறவைகள் பல லட்சம் ஆண்டுகளாகக் கடக்கவில்லை. மலையுச்சிகள் தீவுகள் போலத்தான். ஒரு தீவில் இருப்பது போனால் பக்கத்துத் தீவிலிருந்து கொண்டுவந்து நிரப்ப முடியாது.

சரி, இதுவரை சொன்னது பெரும்பாலும் மலையும் மழைக்காடும். உயிர்வளம் என்றாலே எல்லோரும் காட்டும் படமும் அதுதான். நான் இந்தப் பதிலை எழுதுவதே அடுத்த பகுதிக்காகத்தான்.

இந்தியாவின் பெயர்பெற்ற விலங்குகள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காண்டாமிருகம், வரையாடு, வெளிமான், கானமயில், ஓநாய், அசாமின் குள்ளப்பன்றி, குஜராத்தின் காட்டுக்கழுதை. இவற்றில் ஒன்றுகூட அடர்ந்த காட்டு விலங்கு இல்லை. எல்லாம் திறந்த நிலத்தில், அதிலும் பெரும்பாலும் புல்வெளியில் வாழ்பவை. காசிரங்காவைக் காடு என்கிறோம். ஆனால் அங்கே 2022 கணக்கெடுப்பில் எண்ணிய 2,613 காண்டாமிருகங்களையும் வாழவைப்பது, பிரம்மபுத்திராவின் வெள்ளம் வந்து போகும் சமவெளியில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் புல். அந்தப் புல்லை வனத்துறையே ஆண்டுதோறும் கவனமாக எரிக்கிறது. எரிக்காவிட்டால் புதர் ஏறி, மரம் ஏறி, காண்டாமிருகத்துக்குத் தீனி இல்லாமல் போகும்.

குள்ளப்பன்றியின் கதை இன்னும் நெருக்கடியானது. தரையிலிருந்து ஓர் அடிக்கும் குறைந்த உயரம், எட்டு பத்து கிலோ எடை. பன்றி இனத்திலேயே மிகச் சிறியது. அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது 1971-ல் அசாமில் மறுபடி கண்டார்கள். 1996-லிருந்து கூண்டில் வளர்த்துப் பெருக்கி, மானஸ் போன்ற இடங்களின் புல்வெளிகளில் விட்டுவருகிறார்கள். பன்றியைப் பெருக்குவதைவிடக் கடினமான வேலை, அதைத் திருப்பி விடுவதற்குத் தகுந்த உயரப் புல்வெளி ஒன்றைக் கண்டுபிடிப்பது. மத்தியப் பிரதேசத்தின் கான்ஹாவிலும் இதே பாடம்தான். அங்குள்ள சதுப்புமான்கள் 1970-ல் 66 என்ற எண்ணிக்கைக்கு இறங்கிவிட்டன. அவை மீண்டதற்கு முக்கியக் காரணம் காட்டுக்கு நடுவே விரிந்த புல்வெளிகளைப் பராமரித்தது.

நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளுக்கு வருவோம். அங்கே மடிப்புகளில் சோலை, மேட்டில் புல். காட்டை வெட்டியதால் புல் வந்தது என்று ஆங்கிலேயர் காலத்திலிருந்தே பலர் நினைத்தார்கள், இன்னும் நினைக்கிறார்கள். நீலகிரியின் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்துக் கார்பன் ஐசோடோப்புகளை (அங்கே வளர்ந்தது புல்லா மரமா என்று காட்டிக்கொடுக்கும் கார்பன் வகைகளை) ஆராய்ந்து ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட முடிவு வேறு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகெங்கும் பனிப்பாறை உச்சத்தில் இருந்த வறண்ட காலத்தில், இந்த மலையில் புல்தான் மேலோங்கி இருந்தது. ஈரம் கூடியபோது சோலை விரிந்திருக்கிறது. குறைந்தபோது புல் விரிந்திருக்கிறது. கோடரி வருவதற்கு வெகு முன்னாலேயே இரண்டும் இருந்தன.

அந்தப் புல்வெளியை வீண் நிலம் என்று நினைத்துத்தான் சீகை (வாட்டில்), கற்பூர மரம் (தைலமரம்), பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். பழனி மலையில் 1973-க்குப் பிறகான நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டுகிறது. சீகையின் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முளைப்பவை. வெட்டினாலும் எரித்தாலும் இன்னும் அடர்த்தியாக வரும். வரையாடு மேயப் புல் வேண்டும். நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னப் பறவை புல்லுக்கு நடுவே தரையில் கூடு கட்டும். அவற்றுக்கு மரம் என்பது இழந்த வீடு. கொடைக்கானலில் பைன் மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு, இயற்கை எவ்வளவு அழகு என்று சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். அந்த மரங்களுக்கடியில் நெட்டைக்காலிக்கு ஒரு கூடு கட்ட இடமில்லை.

சமவெளியின் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே இழப்பு கண்ணில் படுவதே இல்லை. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 17 சதவீதம் அரசின் வரைபடங்களில் தரிசு நிலமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. புதர் நிலமும் மேய்ச்சல் நிலமும் பெரும் அளவில் இதற்குள் அடக்கம். மறுபக்கம், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கிளைகளின் கவிப்பு 10 சதவீதம் இருந்துவிட்டால், அங்கே நிற்பது எந்த மரமானாலும் காட்டுப்பரப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு தைலமரத் தோப்பு கணக்கில் ஏறும். வெளிமான் துள்ளும் புல்வெளி ஏறாது. தொழிற்பேட்டை, சூரிய மின்பூங்கா, மரம் நடும் திட்டம் எதுவானாலும் முதலில் கண் போவது இந்த நிலங்கள் மேல்தான்.

இதில் முதலில் மாட்டிக்கொண்டது கானமயில். ஆண்பறவை பதினைந்து கிலோ வரை எடை வரும். பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை, அதுவும் வெட்டவெளித் தரையில். முன்பு பஞ்சாபிலிருந்து தமிழ்நாடு வரை இருந்தது. இன்று உலகம் முழுவதும் 150-க்கும் குறைவு; மிகப் பெரும்பாலானவை ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில். அதன் பார்வை பக்கவாட்டுக்குப் பரந்தது, நேர் எதிரே குறுகியது. மின்கம்பியைக் கடைசி நொடியில்தான் காண்கிறது; அந்தக் கனத்த உடம்பைத் திருப்ப நேரம் இல்லை. கானமயில் வாழும் பகுதியில் மின்கம்பிகளை முடிந்தவரை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டது. 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தி, வல்லுநர் குழு ஒன்றிடம் விஷயத்தை ஒப்படைத்தது. ஜெய்சால்மர் பக்கத்தில் 2019-ல் தொடங்கிய வளர்ப்பு மையத்தில் குஞ்சுகள் பொரிக்கின்றன. 2024-ல் செயற்கைக் கருத்தரிப்பு மூலமும் ஒரு குஞ்சு பிறந்தது. அந்தக் குஞ்சுகளைத் திருப்பி விட நிலம் வேண்டும். கம்பி குறுக்கிடாத, உழாத, மரம் நடாத நிலம்.

வரகுக்கோழிக்கும் இதே கதி. மழைக்காலத்தில் ஆண்பறவை புல்லுக்கு மேலே துள்ளித் துள்ளிப் பெண்ணை அழைக்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை. ராஜஸ்தானின் ஷோகலியா பக்கத்தில் பயிர் வயல்களுக்கு நடுவிலேயே இனப்பெருக்கம் செய்கிறது. அங்கே அதன் பிழைப்பு உழவர்களின் கையில்தான் இருக்கிறது. ஓநாயும் அப்படியே. 2021-ல் வந்த மரபணு ஆய்வு, இந்தியச் சமவெளி ஓநாய் உலகில் இன்று வாழும் ஓநாய்களில் மிகப் பழைய கிளைகளில் ஒன்று என்று காட்டியது. அது வாழ்வது சரணாலயத்துக்குள் அல்ல. பெரும்பாலும் ஆட்டுக்கிடைகளைச் சுற்றி.

திறந்த நிலம் என்றால் மனிதர் இல்லாத நிலம் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கேதான் பாதுகாப்பில் ஆர்வமுள்ள பலர் தடுமாறுகிறார்கள். பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982-ல் எருமை மேய்ச்சலை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். எதிர்த்த ஊர்மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்களும் போயின. அதற்குப் பிறகு நடந்ததை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பல ஆண்டு ஆய்வு பதிவு செய்தது. எருமைகள் தின்று அடக்கி வைத்திருந்த நீர்ப்புல் தடையில்லாமல் பரவி நீர்ப்பரப்பை மூடியது. நீர்ப்பறவைகளுக்கு இடம் சுருங்கியது. பறவைகளைக் காப்பதற்காக விரட்டிய எருமைதான் பறவைகளுக்கு இடம் ஒழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. உயிர் பறிபோன அந்த மக்களின் அறிவை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த உறவுக்கு நம் பக்கத்தில் அருமையான எடுத்துக்காட்டு கொங்கு நாட்டின் கொரங்காடு. காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கும் மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. காங்கேயம் மாட்டை உருவாக்கியதே இந்த நிலம்தான். மாடு மேய்வதை நிறுத்தினால் கொரங்காடும் நிற்காது. கொரங்காட்டை மனையாகப் போட்டுவிட்டால் மாடும் நிற்காது.

கட்ச்சின் பன்னி புல்வெளியில் மால்தாரிகள் எருமை மேய்த்து இதையே செய்துவந்தார்கள். 1960-களில் உப்புப் பாலை முன்னேறுவதைத் தடுக்கிறோம் என்று அங்கே சீமைக்கருவேலத்தை விதைத்தார்கள். அது புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. ராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல இருக்கின்றன. அவர்களுக்கு மாற்று வழி சொல்லாமல் வெறுமனே ஒழிப்போம் என்று சொல்வதும் நியாயம் இல்லை. ஆனால் இதே சீமைக்கருவேலத்தின் உறவான வன்னி மரம் தார்ப் பாலைவனத்தில் நூற்றாண்டுகளாகப் பயிரோடு சேர்ந்து நின்று, நிழலும் தழையும் காயும் கொடுத்துவருகிறது. அதை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து, 1730-ல் ஜோத்பூர் பக்கத்துக் கேஜர்லியில் 363 பிஷ்ணோய் மக்கள் உயிர் கொடுத்ததாக அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பத்து மரங்கள்தான். ஒன்று அந்த மண்ணில் வளர்ந்தது. மற்றொன்று கடல் கடந்து வந்து இறக்கப்பட்டது.

பாறுகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. எண்பதுகளில் இந்தியாவில் பாறுக் கழுகுகள் கோடிக்கணக்கில் இருந்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 சதவீதம் குறைந்தது. காடு அழிந்ததால் அல்ல, வேட்டையால் அல்ல. மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம். அந்த மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தென்னிந்தியாவில் பாறுகள் இன்று மிஞ்சியிருக்கும் முக்கிய இடம் நம் மாயாறு பள்ளத்தாக்கு. லட்சம் கன்று நட்டிருந்தாலும் அந்தப் பாறுகளில் ஒன்றையும் காப்பாற்றியிருக்க முடியாது.

வடகிழக்கைப் பற்றித் தனியாக எழுத ஒரு புத்தகம் வேண்டும். 2006-ல் அருணாசலத்தின் ஈகிள்நெஸ்ட் பகுதியில் ஒரு புதிய பறவை அறிவிக்கப்பட்டது. அங்கு வாழும் புகுன் மக்களின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் 2012-ல் வலை கட்டி ஆயிரக்கணக்கான அமூர் வல்லூறுகளைப் பிடித்துக் கொன்ற செய்தி வெளியானது. சைபீரியா, வட சீனப் பக்கத்திலிருந்து தெற்கு ஆப்பிரிக்கா வரை போகும் பறவை அது; வழியில் அரபிக்கடலை நிற்காமல் கடக்கிறது. ஊர்ச்சபைகளும் தேவாலயங்களும் தன்னார்வலர்களும் பேசினார்கள். அடுத்த ஆண்டே, 2013-ல், அங்கே வேட்டை நின்றது. இந்தியாவில் இயற்கைப் பாதுகாப்பில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இது. மணிப்பூரின் லோக்தக் ஏரியில் மிதக்கும் புல்திட்டுகள் மேல் வாழும் சங்காய் மானும் இப்படித்தான்: 1975-ல் 14 என்று எண்ணியது, 2016-ல் 260. ஆனால் 1983-ல் கட்டிய இத்தாய் தடுப்பணையால் ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயர்ந்தே நிற்கிறது. கோடையில் தரைதட்டி வேர்பிடித்துத் தடிக்க வேண்டிய புல்திட்டுகள் மெலிந்துகொண்டே வருகின்றன. மானைச் சுடுபவர்களைத் தடுத்துவிடலாம். மான் நிற்கும் தரை கரைவதை எப்படித் தடுப்பது?

ஆறும் கடலும் இதே மாதிரி மறக்கப்பட்டவைதான். கங்கை ஓங்கில் (டால்பின்) கண் தெரியாமல் ஒலியை வைத்தே வாழ்கிறது. 2021-லிருந்து 2023 வரை எடுத்த கணக்கில் இந்தியாவில் சுமார் 6,300 இருந்தன. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் பங்குனி ஆமைகள் லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் ஏறி முட்டையிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளமும், பாக் நீரிணையில் கடற்புல் படுகைகளும் உள்ளன. கடற்புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு பாதுகாப்பிடமாக அறிவித்தது. இங்கேயும் அடிப்படை புல்தான், தண்ணீருக்கடியில்.

நிக்கோபாரைச் சொல்லும்போது கவலைதான் முன்னால் நிற்கிறது. பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் உலகின் மிகப் பெரிய கடலாமையான தோணியாமை முட்டையிடுகிறது. மண்ணும் சருகும் குவித்து, அந்தச் சூட்டில் முட்டை பொரிக்கவைக்கும் நிக்கோபார் மேட்டுக்கோழியும் அதே கரையில் உண்டு. அந்த விரிகுடாவின் சரணாலய அந்தஸ்து 2021-ல் நீக்கப்பட்டு, துறைமுகத் திட்டத்துக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு இதற்காகப் போகிறது. அதற்கு ஈடாக அரியானாவில் மரம் வளர்க்கலாம் என்ற ஏற்பாட்டை என்னால் ஏற்கவே முடியவில்லை. மேட்டுக்கோழி அரியானாவுக்குப் போகாது.

இப்போது உங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு வருகிறேன். அதை நான் பார்த்ததில்லை. ஆனால் கன்று வாங்குவதற்கு முன் ஓராண்டு அதை நீங்களும் நண்பர்களும் கவனித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மழைக்குப் பிந்தைய மாதங்களில் என்ன புல் வருகிறது, எது பூக்கிறது. கௌதாரியும் ஆட்காட்டியும் வானம்பாடியும் எங்கே முட்டையிடுகின்றன. குளிர்காலத்தில் பூனைப்பருந்து வருகிறதா. விசிறிக்கழுத்து ஓணான் இருக்கிறதா. இந்த வகை ஓணான்களில் அண்மைக் காலத்தில் புதிய இனங்கள் பல அடையாளம் காணப்பட்டிருப்பது இதுபோன்ற வறண்ட வெளிகளில்தான். அங்கே ஆடு மாடு ஓட்டுபவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். முப்பது வருடத்துக்கு முன் என்ன இருந்தது, எது காணாமல் போனது என்பதை அவர்களைவிடத் தெளிவாக யாரும் சொல்ல மாட்டார்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கு அந்த இடத்துக்கு ஏதாவது திட்டம் வந்தால், அங்கே ஒன்றும் இல்லை என்ற வாதத்துக்கு அதுதான் எதிர்ச்சான்று.

அங்கே சீமைக்கருவேலம் ஏறியிருந்தால், உங்கள் ஆயிரம் கன்றுக்கான உழைப்பை அதைப் பிடுங்குவதில் போடுங்கள். இளஞ்செடியாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். தூரை விட்டுவிட்டு வெட்டினால் பல கிளைகளாகத் தழைக்கும். எடுத்த இடத்தில் இரண்டு மழைக்கு மேய்ச்சலைத் தள்ளிவைத்தால், மண்ணில் விதை மிச்சமிருக்கும் இடங்களில் நாட்டுப் புல் தானே வரத் தொடங்கும்.

மரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரைச் சுற்றி 11,806 ஹெக்டேரைத் தேவாங்குக்கான சரணாலயமாக 2022-ல் அறிவித்தார்கள். இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் அது. தேவாங்குக்கு மரம் வேண்டும், அதுவும் கிளையோடு கிளை தொடும் மரம். அங்கே நடுவதும், இருக்கும் முள்மரங்களை வெட்டாமல் விடுவதும் நல்ல வேலை. உங்கள் ஊரிலும் கண்மாய்க் கரை, பள்ளிக்கூட வளாகம், சாலையோரம், வீட்டுக்கொல்லை என்று இடம் உண்டு. அங்கே வேம்பு, புங்கை, இலுப்பை, மருது, நாவல் நடுங்கள். மேய்ச்சல் நிலத்தை ஆட்டுக்கும் கௌதாரிக்கும் விட்டுவிடுங்கள்.